அலாஸ்கா கரடிக் காட்டுக்கு எந்தத் துப்பாக்கி? தேர்வு முதல் பயிற்சி வரை முழுமையான வழிகாட்டி

அலாஸ்காவில் பழுப்புக் கரடிகள் சுமார் 30,000 இருக்கின்றன. கருங்கரடிகள் சுமார் ஒரு லட்சம். சாலை முடிந்து அரை மணி நேரம் நடந்தாலே அவற்றின் இடத்துக்குள் போய்விடுவோம். சால்மன் பிடிக்க, மலையேற, படம் எடுக்க, வேலை நிமித்தமாக என்று அங்கே போகிறவர்களில் நம்மவர்களும் உண்டு. கிளம்புவதற்கு முன் பெரும்பாலானோர் கேட்கும் முதல் கேள்வி, "எந்த காலிபர் வாங்கலாம்?" அதாவது, எந்த அளவுத் தோட்டா சுடும் துப்பாக்கி?

என்னைக் கேட்டால் அது நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வர வேண்டிய கேள்வி. பழுப்புக் கரடி மணிக்கு 56 கிலோமீட்டர் வரை ஓடும். நொடிக்கு 15 மீட்டருக்கும் மேல். ஆல்டர் புதருக்குள்ளிருந்து 30 மீட்டர் தூரத்தில் அது கிளம்பினால் உங்களிடம் இருப்பது இரண்டே நொடி. அந்த இரண்டு நொடிக்குள் உங்கள் கைக்கு வந்து, குறிக்கு நேராக நின்று, சுட்டதும் படுகிற துப்பாக்கி எது? தேடவேண்டியது அதைத்தான். சக்தி, விலை, பிராண்டு எல்லாம் அதற்கு அப்புறம்.

முதல் படி: துப்பாக்கி வேண்டுமா என்று பாருங்கள்

கரடி ஸ்ப்ரே என்பது மிளகாயின் காரச்சத்தை அழுத்தத்தில் அடைத்த டப்பா. சுமார் 8 முதல் 10 மீட்டர் வரை ஒரு மேகத்தை உருவாக்கும். நன்றாகக் குறிபார்க்கத் தெரியாதவரும் அதைப் பயன்படுத்தலாம். டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ ஆகியோரும் அவர்களுடைய சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, 1985 முதல் 2006 வரை அலாஸ்காவில் ஸ்ப்ரே அடிக்கப்பட்ட 83 சம்பவங்களை எடுத்துப் பார்த்தது. பழுப்புக் கரடியை 92 விழுக்காடு சம்பவங்களில் ஸ்ப்ரே தடுத்திருக்கிறது. ஸ்ப்ரே வைத்திருந்தவர்களில் 98 விழுக்காட்டினருக்குக் காயமே இல்லை.

அதே குழு 2012இல் துப்பாக்கிகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. 1883 முதல் 2009 வரை நடந்த 269 சம்பவங்கள். கைத்துப்பாக்கி 84 விழுக்காடும், ரைஃபிள், ஷாட்கன் போன்ற நீளத் துப்பாக்கிகள் 76 விழுக்காடும் பலன் தந்திருக்கின்றன. துப்பாக்கி வைத்திருந்து சுட்டவர்களையும் சுடாதவர்களையும் ஒப்பிட்டால் விளைவில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை என்பதும் அதில் வந்த முடிவு.

இந்த எண்களை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து "ஸ்ப்ரேதான் ஜெயித்தது" என்று சொல்லிவிட முடியாது. ஸ்ப்ரே சம்பவங்களில் பல, சும்மா மோப்பம் பிடிக்க வந்த கரடிகளைப் பற்றியவை. துப்பாக்கிச் சம்பவங்களில் மோசமாக முடிந்தவையே அதிகம் பதிவாகியிருக்கும். ஆனாலும் ஒன்று தெளிவு: துப்பாக்கியை இதுவரை தொட்டே பார்க்காத ஒருவர், பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒன்றை வாங்கிக்கொண்டு போவதைவிட, இரண்டு டப்பா ஸ்ப்ரே வாங்கி இடுப்பில் மாட்டிக்கொள்வது பாதுகாப்பானது. அலாஸ்கா மாநில மீன், வனவிலங்குத் துறையும் இதையேதான் சொல்கிறது: நெருக்கடியில் துப்பாக்கியைக் கையாண்டு பழக்கமில்லாதவருக்குக் கரடியைவிடத் துப்பாக்கியால் காயம்படும் வாய்ப்பே அதிகம்.

அப்படியென்றால் துப்பாக்கி யாருக்கு? எதிர்க்காற்று ஓயாத கடற்கரையிலும் மலைமுகட்டிலும் இருப்பவர்கள், வேட்டையாடிய இறைச்சியைச் சுமந்து வருபவர்கள், உதவி வர ஒரு நாளுக்கு மேல் ஆகும் இடத்தில் முகாம் போடுகிறவர்கள், ஏற்கெனவே நன்றாகச் சுடத் தெரிந்தவர்கள். இவர்களும் ஸ்ப்ரேயை விட்டுவிட வேண்டாம். இரண்டு பேர் போனால் ஒருவர் கையில் ஸ்ப்ரே, மற்றவர் கையில் துப்பாக்கி. நான் பார்த்ததில் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

இரண்டாம் படி: சட்டம் உங்களை அனுமதிக்கிறதா?

இந்தப் படியில்தான் நம்மவர்கள் சிக்கிக்கொள்ளக்கூடும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எச்-1பி, எஃப்-1, பி-2 போன்ற விசாக்களில் அமெரிக்காவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். இது மாநிலச் சட்டம் அல்ல; அலாஸ்கா எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இது மாறாது. சொந்தமாக வாங்கினால்தான் தப்பு என்றும் நினைக்க வேண்டாம். நண்பருடைய துப்பாக்கியை ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சித் திடலில், கையில் எடுப்பதும் "வைத்திருப்பது" என்ற கணக்கில் வரும். விதிவிலக்குகள் சில உண்டு. நடைமுறையில் பயன்படுவது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். அது கையில் இருந்தால் தடை நீங்கும். வெளிநாட்டிலிருந்து துப்பாக்கியோடு வருபவர்கள் முன்கூட்டியே இறக்குமதி அனுமதியும் வாங்க வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. உங்கள் விசாவில் சந்தேகம் இருந்தால் கடைக்காரரைக் கேட்காதீர்கள், வழக்கறிஞரைக் கேளுங்கள். இதில் தவறினால் போவது துப்பாக்கி மட்டுமல்ல, குடியேற்ற நிலையும்தான்.

தடை இல்லாதவர்களுக்கும் சில வரம்புகள் உண்டு. வேறு மாநிலத்தவர் ஆங்கரேஜ் கடைக்குப் போய் ரைஃபிளோ ஷாட்கனோ வாங்கலாம். கைத்துப்பாக்கியைக் கையோடு வாங்கிக்கொண்டு வர முடியாது. அதைச் சொந்த மாநிலத்திலிருந்துதான் கொண்டு போக வேண்டும். விமானத்தில் என்றால் தோட்டா நீக்கி, பூட்டிய கெட்டிப் பெட்டியில் வைத்து, கவுன்டரில் அறிவித்து, சரக்குப் பையாக மட்டும். ஸ்ப்ரேயோ கைப்பையிலும் போகாது, சரக்குப் பையிலும் போகாது. இறங்கிய ஊரில்தான் வாங்க வேண்டும். அங்கிருந்து மிதவை விமானத்தில் காட்டுக்குப் போகும்போது, ஸ்ப்ரே இருப்பதை விமானியிடம் சொல்லிவிடுங்கள். அதை விமானி அறைக்குள் வைக்காமல் மிதவைக்குள் இருக்கும் அறையில் போடுவார். பறக்கும்போது டப்பா கசிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தாலே காரணம் புரியும்.

காரில் கனடா வழியாகப் போகிறீர்களா? கைத்துப்பாக்கியை மறந்துவிடுங்கள். சாதாரண வேட்டை ரைஃபிளையும் பம்ப் ஷாட்கனையும் எல்லையில் படிவம் நிரப்பி, 25 கனடா டாலர் கட்டி எடுத்துப் போகலாம். 60 நாள் செல்லும். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 2010 பிப்ரவரி முதல் மாநிலச் சட்டப்படி துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். ஆனால் எடுத்துச் செல்வதற்குத்தான் அனுமதி. வேட்டைக்கு இடமில்லாத பூங்காவில் சுடுவதற்கான தடை அப்படியே இருக்கிறது. பூங்காவின் அலுவலகக் கட்டடங்களுக்குள்ளும் கொண்டு போகக் கூடாது.

மூன்றாம் படி: எந்தக் கரடி, என்ன வேலை?

கருங்கரடி மட்டும் இருக்கும் காட்டுக்கு .357 மேக்னம் ரிவால்வர் போதும். கோடியாக் தீவு, அட்மிரால்டி தீவு, அலாஸ்கா தீபகற்பம் போன்ற இடங்களில் சால்மன் தின்று வளர்ந்த ஆண் கரடி 400 கிலோவுக்கு மேல் இருக்கும். மான்டானா, வயோமிங் மலைகளில் உள்ள கிரிஸ்லி என்ற பழுப்புக் கரடி அதைவிடச் சிறியது, ஆனால் பாய்ந்து வரும்போது அந்த வித்தியாசம் உங்களுக்கு உதவாது. பழுப்புக் கரடி இருக்கும் இடம் என்றால் பெரியதற்கே தயாராகுங்கள்.

அதைவிட முக்கியம், அங்கே உங்கள் கைகள் என்ன செய்துகொண்டிருக்கும் என்பது. கீனாய் பக்கம் ரஷ்யன் ஆற்றில் சாக்கை சால்மன் ஏறும் காலத்தில் கரையில் நின்று பார்த்தால் இது புரியும். மீன் பிடிப்பவர் தொடை அளவு நீரில் நிற்கிறார். ஒரு கையில் தூண்டில், மறு கையில் நூல். ஷாட்கன் கொண்டு வந்தவர் அதைக் கரையில் மரத்தில் சாய்த்து வைத்திருக்கிறார், பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி. கரடி வரும் பாதையும் அந்தக் கரைதான். உலகத்திலேயே நல்ல ஷாட்கன் என்றாலும் அந்த இடத்தில் அது அவருக்குப் பயன்படாது. மாறாக, நில அளவை செய்யும் குழுவுக்குக் காவலாக ஒருவரை நியமித்து, அவருக்குச் சுற்றிலும் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை என்றால், கையில் ரைஃபிளே சிறந்தது.

நான்காம் படி: கரடியை எது நிறுத்துகிறது?

இதயத்தில் குண்டு பட்ட கரடியும் மூளைக்கு ரத்தம் தீரும்வரை ஓடும். பத்து நொடிகூட ஆகலாம். இரண்டு நொடிக் கணக்கில் அது ரொம்பத் தாமதம். உடனே நிறுத்துவது மூளையிலோ தண்டுவடத்திலோ படும் குண்டுதான். அடுத்தபடியாகத் தோள் எலும்பை உடைப்பது. அது கரடியைச் சாய்க்கும், வேகத்தைக் குறைக்கும், இன்னொரு தோட்டாவுக்கு நேரம் தரும்.

பாய்ந்து வரும் கரடியின் தலையை நேரே பார்த்திருக்கிறீர்களா? அருங்காட்சியகத்தில் ஒரு மண்டை ஓட்டையாவது பாருங்கள். நெற்றி பின்பக்கமாகச் சரிந்திருக்கும். அதன் மேலே, இருபுறமும், தாடையை இயக்கும் தடித்த தசை. அதற்கு மேல் ரோமம். தலையின் மேல்விளிம்பு என்று கண்ணுக்குத் தெரிவதில் கணிசமான பகுதி தசைதான், மூளை இல்லை. மூளை கண்களுக்குப் பின்னால், நாம் நினைப்பதைவிடத் தாழ்வாக இருக்கிறது. நெற்றி உச்சியைக் குறிவைத்தால் குண்டு தசையைக் கிழித்துக்கொண்டு மேலாகப் போய்விடும். கண்களுக்கு நடுவே, மூக்கு தொடங்கும் மேட்டைக் குறிவையுங்கள். ஓடும்போது தலை மேலும் கீழும் ஆடும். தலை தப்பினால் தாடைக்குக் கீழே மார்பின் நடுவில் படும்படி இருக்கட்டும்.

இதனால்தான் குண்டு விரிவதைவிட ஆழமாக, நேராகப் போவது முக்கியமாகிறது. தசை, எலும்பு, மறுபடி தசை என்று ஊடுருவ வேண்டும். மனிதரிடமிருந்து தற்காத்துக்கொள்ள விற்கப்படும், முனையில் குழி உள்ள ஹாலோ பாயின்ட் தோட்டாக்கள் உடனே விரிந்து சீக்கிரம் நின்றுவிடுவதற்காகச் செய்யப்பட்டவை. இங்கே அவற்றுக்கு வேலை இல்லை.

ஐந்தாம் படி: நீளமானதா, கையளவா?

சக்தியில் போட்டியே இல்லை. மிகச் சாதாரணமான வேட்டை ரைஃபிள்கூட பெரும்பாலான கைத்துப்பாக்கிகளை மிஞ்சும். அமெரிக்க வனத்துறைக்காக மீஹன், தைலீனியஸ் இருவரும் 1983இல் கரடிப் பாதுகாப்புக்கான துப்பாக்கிகளைக் குறைந்த தூரத்தில் சுட்டுச் சோதித்தார்கள். .458 வின்செஸ்டர் மேக்னம், .375 எச்&எச், .338 வின்செஸ்டர் மேக்னம் போன்ற கனமான ரைஃபிள்கள் முன்னால் நின்றன. கனமான குண்டு போட்ட .30-06 தாராளமாகத் தேறியது. கைத்துப்பாக்கிகள் பின்வரிசையில்தான்.

ஆனால் ரைஃபிளுக்கு இரண்டு கையும் வேண்டும். முதுகுப் பையின் பட்டையில் மாட்டியிருந்தால் அதைக் கழற்றவே இரண்டு நொடி போய்விடும். கரடி உங்களைக் கீழே தள்ளி மேலே ஏறிவிட்டால், ஒரு மீட்டர் நீளமுள்ள ஒன்றைத் திருப்ப இடமே இருக்காது. மார்பில் மாட்டிய கைத்துப்பாக்கி அப்போதும் எட்டும். நண்பரின் மேல் கரடி இருந்தால் அருகே போய், அவருக்குப் படாத கோணத்தில் சுடவும் முடியும். இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது என் முடிவு இது: கையில் பிடித்தபடியே நடக்கப் போகிறீர்கள் என்றால் நீளத் துப்பாக்கி. கைகளுக்கு வேறு வேலை இருக்கிறது என்றால் கைத்துப்பாக்கி. முதுகில் தொங்கும் ரைஃபிள் இரண்டிலும் சேராது.

ஆறாம் படி: வகையைத் தேர்ந்தெடுங்கள்

பம்ப் ஷாட்கன். ரெமிங்டன் 870, மாஸ்பெர்க் 500 போன்ற 12 கேஜ் (கேஜ் என்பது ஷாட்கன் குழலின் அளவு) பம்ப் ஷாட்கன்கள் அலாஸ்காவில் படகு, முகாம், அலுவலகம் என எங்கும் கிடக்கும். விலை குறைவு, அடி தாங்கும், உதிரி கிடைக்கும். அதில் போட வேண்டியது ஸ்லக் எனும் ஒற்றைக் குண்டு. பல சிறு உருண்டைகளைச் சேர்த்து அடைத்த பக்‌ஷாட் வேண்டாம். பக்‌ஷாட்டின் ஒவ்வொரு உருண்டையும் மூன்றரை கிராம்தான். பெரிய கரடியின் தோள் தசையிலேயே நின்றுவிடும். சாதாரண ஈய ஸ்லக்கும் எலும்பில் பட்டால் நசுங்கும். கெட்டியான உலோகக் கலவையில் வார்த்த பிரென்னெக் வகை ஸ்லக் வாங்குங்கள்.

ஷாட்கனின் பலவீனம் அதைப் பிடிப்பவரிடம் இருக்கிறது. முன்பிடியை முழுசாகப் பின்னால் இழுத்து, முழுசாக முன்னால் தள்ளினால்தான் அடுத்த தோட்டா ஏறும். பதற்றத்தில் முக்கால்வாசி இழுத்துவிட்டுத் தள்ளுவார்கள். விசையை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அமைதியான ரேஞ்சில், பின்னாலிருந்து ஒருவர் "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்தினாலே இது நடப்பதைப் பார்க்கலாம். ஷாட்கன் எடுப்பவர் இந்த ஒரு அசைவை நூற்றுக்கணக்கில் செய்து பழக வேண்டும்.

ரைஃபிள். 12 கேஜ் ஸ்லக்கைவிட ஆழமாகப் போகும். வேட்டை வழிகாட்டிகள் பலர் .375 எச்&எச் போல்ட் ரைஃபிளை (ஒவ்வொரு தோட்டாவுக்கும் கைப்பிடியைத் தூக்கி, இழுத்துத் தள்ளுவது) விரும்புகிறார்கள். 1912இல் வந்த தோட்டா, இன்னும் அசையாமல் நிற்கிறது. ஆனால் சுடும்போது தோளில் விழும் உதை பலம். உங்களிடம் ஏற்கெனவே ஒரு .30-06 இருந்து, அதைக் கண்ணை மூடிக்கொண்டு இயக்குமளவுக்குப் பழக்கமிருந்தால், 200 அல்லது 220 கிரெய்ன் குண்டு போட்டு அதையே எடுத்துப் போங்கள். புதிதாக .375 வாங்கி, முகம் சுளித்துக்கொண்டு சுடுவதைவிட அது மேல். (பெட்டியில் எடையைக் கிரெய்னில்தான் போட்டிருப்பார்கள்; ஒரு கிராம் சுமார் 15.4 கிரெய்ன்.)

குட்டையாக, விரைவாக வேண்டுமென்றால் .45-70 லீவர் ரைஃபிள். விசைக்குக் கீழுள்ள வளையத்தை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா ஏறும். மார்லின் 1895 இதில் பிரபலம். 1873இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த தோட்டா. இன்றைய வலுவான ரைஃபிள்களில் 400 கிரெய்னுக்கு மேல் கெட்டியான குண்டு போட்டால் கிட்டத்தில் அது செய்யும் வேலை அபாரம். புதருக்குள் சட்டென்று திரும்பும். எந்த ரைஃபிளாக இருந்தாலும் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பைக் கழற்றிவிடுங்கள். ஐந்து மீட்டரில் அதில் தெரிவது வெறும் ரோமம்தான். குறிபார்க்க அகலத் துளையுள்ள பின்சைட் போதும். குறியில் சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட் பிடிக்கும் என்றால் மூடிய கூடு உள்ளது வாங்குங்கள். தென்கிழக்கு அலாஸ்காவில் மழை ஓயாது; திறந்த ரெட் டாட்டின் விளக்கு மேல் ஒரு துளி விழுந்தால் புள்ளி சிதறி நட்சத்திரக் கூட்டமாகத் தெரியும்.

ரிவால்வர். .44 மேக்னம் 1950களின் நடுவிலிருந்து கரடிக் காட்டின் வழக்கமான கைத்துப்பாக்கி. நான்கு அங்குலக் குழல், ஸ்டெயின்லெஸ் எஃகு, ஒரு கிலோவுக்குச் சற்று மேல் எடை: நல்ல அளவு. கரடியின் உடம்போடு அழுத்தி வைத்துச் சுட்டாலும் ரிவால்வர் சுடும். ஒரு தோட்டா சரியாக வெடிக்காவிட்டால் விசையை இன்னொரு முறை அழுத்தினால் அடுத்தது வந்துவிடும். குறை என்னவென்றால் ஆறே தோட்டா, கனமான விசை, நல்ல உதை. எடை குறைக்கிறேன் என்று ஸ்கேண்டியம் என்ற உலோகம் கலந்த மிக லேசான .44 வாங்குபவர்கள் உண்டு. சுமக்க சுகம்தான். ஆனால் சில தோட்டாவுக்கு மேல் அதில் பழக மனம் வராது, பழகாத துப்பாக்கியை நம்பியும் போக முடியாது. .454 கசூல், .500 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இரண்டும் இன்னும் பலமானவை. முதல் தோட்டா தப்பி, குழல் மேலே எகிறி, மறுபடி குறிக்கு இறங்குவதற்குள் கரடி வந்துவிடும். அவற்றை வேகமாகச் சுடத் தெரிந்த மிகச் சிலருக்கு மட்டுமே அவை.

10 மி.மீ. பிஸ்டல். கடந்த சில ஆண்டுகளாக பலர் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். நானும் இதையே பரிந்துரைக்கிறேன். க்ளாக் 20இல் 15 தோட்டா. முழுக்க நிரப்பினாலும் சுமார் 1.1 கிலோ. ஒரு தோட்டாவின் சக்தி .44ஐவிடக் குறைவுதான், ஆனால் உதையும் குறைவு. அதே நேரத்தில் இரண்டு மடங்கு தோட்டாவைக் குறியில் வைக்க முடியும். கிரீன்லாந்தின் வடகிழக்கில் நாய்வண்டியில் ரோந்து போகும் டென்மார்க்கின் சிரியஸ் படையினர், பனிக்கரடிக்கு எதிராக இடுப்பில் வைத்திருப்பதும் க்ளாக் 20தான். கூடவே பழைய .30-06 போல்ட் ரைஃபிளும் எடுத்துப் போகிறார்கள்.

பிஸ்டலில் கவனிக்க வேண்டியவை இரண்டு. குழலைக் கரடியின் உடம்பில் அழுத்தினால் மேல்பாகம் பின்னால் நகர்ந்து, சுடாமல் போகும். ஒரு விரலளவாவது இடைவெளி வேண்டும். அப்புறம், பிடி தளர்வாக இருந்தால் அடுத்த தோட்டா சரியாக ஏறாமல் சிக்கும். கீழே விழுந்து, ஒற்றைக் கையால் சுடும்போது இது நடக்கும். இடது கையாலும் பழகிப் பாருங்கள்.

9 மி.மீ. போதுமா? 2016இல் அலாஸ்கா தீபகற்பத்தில் ஒரு மூத்த வேட்டை வழிகாட்டி, பாய்ந்து வந்த பழுப்புக் கரடியை 9 மி.மீ. பிஸ்டலால், கெட்டியான குண்டு போட்டு நிறுத்தியிருக்கிறார். வாழ்நாள் முழுக்கக் கரடிகளோடு இருந்தவர் கை அது. வேறு வழியில்லை, இருப்பது 9 மி.மீ.தான் என்றால் சரியான தோட்டாவோடு எடுத்துப் போங்கள். வாங்குவதாக இருந்தால் 10 மி.மீ. வாங்குங்கள்.

ஏழாம் படி: தோட்டா

கைத்துப்பாக்கிக்கு ஹார்ட் காஸ்ட் எனப்படும் கெட்டியாக வார்த்த ஈயக்கலவைக் குண்டு, தட்டையான முனையோடு. 10 மி.மீ.க்கு 200 முதல் 220 கிரெய்ன், .44க்கு 300 கிரெய்ன் அளவில். க்ளாக்கின் தொழிற்சாலைக் குழலில் உறையில்லா ஈயக் குண்டு சுட வேண்டாம் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. குழலில் ஈயம் படிந்து அழுத்தம் கூடும் என்பது காரணம். வேறு குழல் மாற்றுங்கள், அல்லது செம்பு உறை போட்ட தட்டை முனைக் குண்டோ முழுச் செம்புக் குண்டோ வாங்குங்கள். ரைஃபிளுக்கு நோஸ்லர் பார்ட்டிஷன், ஸ்விஃப்ட் ஏ-ஃபிரேம், பார்ன்ஸ் டிஎஸ்எக்ஸ் போல உடையாத வகை.

விலை அதிகம் என்று ஒரே ஒரு பெட்டி வாங்கி, அதை அப்படியே காட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். எடுத்துப் போகும் அதே தோட்டாவை, அதே மேகசினில் (தோட்டாக்களை அடைக்கும் கூட்டில்), சில பெட்டிகளாவது சுட்டுப் பாருங்கள். ஒருமுறை சிக்கினாலும் தோட்டாவை மாற்றுங்கள்.

எட்டாம் படி: எங்கே மாட்டுவது?

இடுப்பு உறையை முதுகுப் பையின் இடுப்புப் பட்டை மூடிவிடும். ஆற்றில் நிற்கும்போது அணியும் நீர்க்கால்சட்டையும் அப்படித்தான். அதனால் மார்பு உறை. கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்தது மழையில் ஊறாது. தோலில் செய்தது உடம்போடு இசைந்து சத்தமில்லாமல் இருக்கும். வசில்லாவில் இருக்கும் டயமண்ட் டி தோல் உறைகள் அலாஸ்காவில் எல்லோருக்கும் தெரிந்தவை. எதுவானாலும் விசை முழுக்க மூடியிருக்க வேண்டும். பையை முழு எடையோடு முதுகில் போட்டு, மழைச்சட்டையும் அணிந்து, அப்புறம் எடுத்துப் பாருங்கள். மழைச்சட்டையின் ஜிப்புக்குள் இருக்கும் துப்பாக்கி உங்களிடம் இல்லாத துப்பாக்கி.

விசை மூடிய உறையில் உள்ள பிஸ்டலில் தோட்டா ஏற்றியே வைக்கலாம். கூட்டமாக நடக்கும்போது நீளத் துப்பாக்கியில் மேகசினில் மட்டும் தோட்டா, உள்ளறை காலி. ஏற்றும் அசைவைப் பழகிக்கொள்ளுங்கள். யாருடைய குழல் யாரை நோக்கியிருக்கிறது என்பதைக் காட்டில் எல்லோரும் எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கூடாரத்தில் துப்பாக்கி, தலைவிளக்கு, ஸ்ப்ரே மூன்றுக்கும் ஒவ்வொரு இரவும் ஒரே இடம்.

ஒன்பதாம் படி: பழகுங்கள்

இருபது சென்டிமீட்டர் காகிதத் தட்டு ஒன்றை இடுப்புயரத்துக்குக் கீழே, ஏழு மீட்டரில் வையுங்கள். கை காலியாக நின்று, சைகை கேட்டதும் எடுத்து, இரண்டு நொடிக்குள் முதல் தோட்டா தட்டில் பட வேண்டும். பிறகு இரண்டு, அப்புறம் நான்கு. இது வராத துப்பாக்கி உங்களுக்குப் பெரியது. ஒரு படி இறங்குங்கள். வீட்டில் தோட்டா அனைத்தையும் வேறு அறையில் வைத்துவிட்டு, காலித் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்துப் பழகுவது செலவில்லாத பயிற்சி.

தட்டு நின்றுகொண்டே இருக்கும், கரடி நிற்காது. பனிச்சறுக்குத் தட்டில் அட்டைக் கரடியை நிறுத்தி, கயிறு கட்டி, சுடுபவருக்குப் பின்னால் வெகுதூரம் தள்ளி நிற்கும் ஒருவர் கயிற்றை இழுத்துக்கொண்டே ஓடட்டும். அட்டை உங்களை நோக்கிக் குதித்துக் குதித்து வரும். ரேஞ்ச் நிர்வாகியின் அனுமதியோடு, அனுபவமுள்ளவர் மேற்பார்வையில் மட்டும் இதைச் செய்யுங்கள். முதல் முறை செய்பவர்கள் பெரும்பாலும் அட்டைக் கரடிக்கு மேலாகச் சுடுவார்கள். இது பழக்கத்தில் மட்டுமே சரியாகும்.

பத்தாம் படி: அந்த நேரமும் அதற்குப் பிறகும்

புதர்க்காட்டில் பேசிக்கொண்டே நடங்கள். செத்த விலங்கின் வாடை வந்தால் திரும்புங்கள். அலாஸ்காவின் மெக்நீல் ஆற்றுச் சரணாலயத்தில் 1973இல் அனுமதிச் சீட்டு முறை வந்த பிறகு, ஒரே நேரத்தில் டஜன் கணக்கில் கரடிகள் நிற்கும் இடத்தில், பார்வையாளர் ஒருவருக்கும் காயம் நேர்ந்ததில்லை. அங்கே எல்லோரும் எதிர்பார்த்த இடத்தில், எதிர்பார்த்த விதத்தில் நடந்துகொள்கிறார்கள், கரடியும் பழகிக்கொள்கிறது.

கரடி எதிரே வந்தால் ஓடாதீர்கள். நில்லுங்கள், கூட்டமாக ஒட்டி நில்லுங்கள், தாழ்ந்த குரலில் பேசுங்கள். பாய்ச்சல்களில் பெரும்பாலானவை மிரட்டல்தான். சில மீட்டருக்கு முன்னால் நின்றுவிடும், அல்லது விலகும். துப்பாக்கி கையில் இருக்கட்டும், விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். தள்ளிப் போய்க்கொண்டிருக்கும் கரடியைச் சுட வேண்டாம். காயம்பட்ட கரடி உங்களுக்கும் உங்களுக்குப் பின்னால் வருபவருக்கும் ஆபத்து. காது தாழ்ந்து, தலை தணிந்து, நிற்காமல் வந்து பத்து மீட்டரைத் தாண்டிவிட்டால் சுடுங்கள். விழுந்து அசைவற்றுப் போகும்வரை சுடுங்கள்.

சுட்ட பிறகு வேலை இருக்கிறது. அலாஸ்காவில் உயிரைக் காக்கச் சுட்டிருந்தால், தோலை நகங்களோடு உரித்து, மண்டை ஓட்டையும் எடுத்து மாநிலத்திடம் ஒப்படைக்க வேண்டும். அவை உங்களுக்குச் சொந்தமாகாது. எழுத்துமூல அறிக்கையை 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும். உணவை அலட்சியமாக வைத்து நீங்களே கரடியை வரவழைத்திருந்தால், தற்காப்பு என்ற பாதுகாப்பு கிடைக்காது. மான்டானா, வயோமிங், ஐடஹோ மாநிலங்களில் கிரிஸ்லி 1975 முதல் கூட்டாட்சிச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கே 5 நாளுக்குள் மீன், வனவிலங்குச் சேவைக்குத் தகவல் சொல்ல வேண்டும். காலித் தோட்டாக்களையும் கால்தடங்களையும் கலைக்காமல், கரடி எங்கே விழுந்தது, நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பதைப் படமெடுத்து வையுங்கள். விசாரிக்க வரும் அதிகாரி முதலில் அளப்பது அந்தத் தூரத்தைத்தான்.